பூட்டிய அறை வேண்டாம்!

முட்டையை வேக வைத்தால் என்ன ஆகிறது? தண்ணீர் போல இருந்த வெள்ளைக் கரு கெட்டியாகி விடுகிறது. ஆற வைத்தாலும் பழையபடி ஆவதில்லை. ஏன்?

வெள்ளைக் கருவில் இருப்பது புரதம். அது ஒரு நீண்ட சங்கிலி. ஒழுங்காக மடிந்து கிடக்கும். சூடு பட்டால் மடிப்பு குலைந்து, ஒன்றோடு ஒன்று சிக்கிக் கொள்ளும்.

நம் உடம்பிலும் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. அவை சும்மா கிடப்பதில்லை. வளைகின்றன, நெளிகின்றன. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், பிராண வாயுவைப் பிடிக்கும்போது உருவம் மாறுகிறது. விடும்போது மறுபடியும் மாறுகிறது. அதன் சங்கிலியில் குறிப்பிட்ட ஒரே ஒரு கண்ணி மாறினால் "அரிவாள் அணு" ரத்தசோகை வரலாம். நீலகிரி மலைவாழ் மக்களிடம் காணப்படும் நோய் இது.

உருவம் தெரிந்தால், மருந்து தேடவும் வழி பிறக்கும்.

சென்னையின் பெருமை

1952-ம் ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார், ஜி.என்.ராமச்சந்திரன். வயது முப்பதுதான். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை ஆராய்ந்தார்.

ஆராயச் சரக்கு வேண்டுமே! அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்து உதவியது. அது கங்காரு வாலின் தசைநார்.

கொலாஜன் மூன்று புரிக் கயிறு போன்றது என்று 1954-ல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் அறிவித்தனர். 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் சேர்ந்து ஒரு வரைபடம் தந்தார். புரதச் சங்கிலி எப்படி வளையலாம், எப்படி வளைய முடியாது என்பதை அது காட்டும். இன்றும் உலகம் முழுவதும் "ராமச்சந்திரன் வரைபடம்" வழக்கில் இருக்கிறது.

தோல் நிலையம் தன் சரக்கைப் பூட்டி வைத்திருந்தால்?

பொதுக் கிணறு

இன்றைய பெரிய கருவிகள் கோடிக்கணக்கில் விலை. கல்லூரிக்குக் கல்லூரி வாங்க முடியாது. வாங்கவும் வேண்டாம். பல்கலைக் கழகத்தில் ஒரு பொது ஆய்வுக் கூடம் இருந்தால் போதும். ஆனால் அதன் கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உழைப்பவரின் மகள், பொன்னேரி அரசு கல்லூரியில் படிக்கலாம். அவளும் மின்சார ரயில் ஏறி வந்து அந்தக் கருவியின் முன் உட்கார வேண்டும்.

அதற்குச் செய்ய வேண்டியவை மூன்று. மாணவருக்குக் கட்டணம் குறைவாக இருக்கட்டும். எல்லாக் கல்லூரிக்கும் முறை வைத்து நேரம் ஒதுக்கட்டும். கருவியை இயக்கவும் பழுது பார்க்கவும் நிரந்தரமாக ஆள் போடட்டும்.

செலவுக்கு என்ன வழி? தொழிற்சாலைகளும் வந்து பயன்படுத்தலாம். அவை முழுக் கட்டணம் தரட்டும்.

இறைத்த கிணறுதான் ஊறும்!