கை இல்லாத நீர்மூழ்கிக்குப் பரிசு எதுக்கு?



அறிவியல் கண்காட்சின்னா ரெண்டு மாடல் கண்டிப்பா வந்துடும். ஒண்ணு, பாட்டில்ல செஞ்ச நீர்மூழ்கிக் கப்பல். இன்னொண்ணு, அட்டையில செஞ்ச ஹைட்ராலிக் கை. நாலஞ்சு சிரிஞ்சு, டியூப், உள்ளே கலர் தண்ணி. இந்தப் பக்கம் அமுக்கினா அந்தப் பக்கம் கை தூக்கும். ரெண்டும் தனித்தனி மேசையில இருக்கும், ரெண்டுக்கும் பரிசு கிடைக்கும். என் கருத்து என்னன்னா, ரெண்டையும் ஒண்ணா சேர்த்து, தண்ணிக்குள்ள வேலை செய்ய வச்சாத்தான் பரிசு தரணும்.

நம்ம பக்கத்துல வேளச்சேரி - தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இருக்கு. மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கியை வடிவமைத்தவர்கள் அவர்கள்தான். 2025 ஜனவரி, பிப்ரவரியில் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் அதைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். ஆழ்கடலுக்கான டைட்டானியக் கோளத்தின் சுவர் 80 மில்லிமீட்டர் கனம். உள்ளே 2.1 மீட்டர் அகலம்தான், மூணு பேரும் அதுக்குள்ளேயே உட்காரணும். அந்த ஆழத்தில் அழுத்தம் இங்கே இருப்பதைப் போல சுமார் 600 மடங்கு. ஜன்னலைத் திறந்து கையை நீட்டி ஒரு கல்லை எடுத்துக்க முடியுமா? அதனாலதான் வெளியே இயந்திரக் கை. அது இல்லைன்னா அவ்வளவு ஆழம் போயும் வேடிக்கை மட்டும்தான் பார்க்கலாம்.

1966ல் ஸ்பெயின் பக்கத்துக் கடலில் ஒரு அமெரிக்க அணுகுண்டு விழுந்துடுச்சு. ஆல்வின் என்ற நீர்மூழ்கி அதைக் கண்டுபிடிச்சது. கண்டுபிடிச்சும் உடனே மேலே கொண்டுவர முடியலை. கடைசியில் கர்வ் என்ற ஆளில்லாத கருவியை அனுப்பித்தான் தூக்கினாங்க. நம்ம பாட்டிங்களுக்கு இது முன்னாடியே தெரியும். கிணத்துல வாளி விழுந்தா எட்டிப் பார்த்துட்டா நின்னாங்க? பாதாளக் கரண்டியைக் கயித்துல கட்டி இறக்கித் துழாவினாங்க.

மேசை மேல தூக்கினா போதாதான்னு கேட்பீங்க. போதாது. அட்டை ஊறிப் போயிடும். தெர்மோகோல்ல செஞ்சா கை தானாவே மேலே மிதந்து வரும். கையை முன்னாடி நீட்டினா கப்பல் மூக்கு கவிழும். கல்லைத் தூக்கினதும் அந்த எடையும் சேர்ந்து கப்பல் கீழே இறங்கும். புதைஞ்சிருக்கற பொருளை இழுத்தா, அது வராது, கப்பல்தான் அது பக்கம் போகும். டியூப்ல ஒரு காற்றுக் குமிழி இருந்தாக்கூட முதல்ல அந்தக் குமிழிதான் அமுங்கும், விரல் அப்புறம்தான் அசையும். 'பாய்மங்கள்' பாடத்துல பாஸ்கல் விதி, ஆர்க்கிமிடிஸ் தத்துவம்னு மனப்பாடம் பண்றோமே, அதெல்லாம் ஒரு டப் தண்ணியில ஒரே நேரத்துல வந்து நிக்கும். மேசை மேல இதுல பாதிகூட தெரியாது.

இன்னொண்ணும் சொல்லணும். குழுவா செய்யும்போது சிரிஞ்சு அமுக்கற வேலையைப் பசங்க எடுத்துக்கறாங்க. பெயிண்ட் அடிக்கறதும் சார்ட்டுல தலைப்பு எழுதறதும் எங்களுக்கு. எங்க கையெழுத்து அழகாம்! தண்ணிக்குள்ள பெயிண்ட் நிக்காது, அதனாலயும் எனக்கு இந்த யோசனை பிடிச்சிருக்கு.

போட்டி இப்படி வைக்கலாம். டப்புல ஏரி வண்டல் ரெண்டு கை போட்டுத் தண்ணி நிரப்பணும். அடியில பத்து புளியங்கொட்டை. கப்பல்ல இருக்கற கையால, வண்டலைக் கலக்காம எத்தனை எடுக்கறாங்கன்னு பார்க்கணும். கலங்கிடுச்சுன்னா ஒண்ணும் தெரியாது, கடலடியிலும் அதே கதைதான். சிரிஞ்சை யார் வேணா அமுக்கலாம், ஆனா குழுவுல எல்லாரும் ஒரு தடவை அமுக்கணும்.

ஹால் ஈரமாயிடும்னு சார் சொல்வாங்க. குழாயடிக்குப் பக்கத்துல மரத்தடியில இடம் கொடுத்தா போதும். டப் எங்க வீட்டுல இருக்கு, நான் கொண்டு வரேன்.

- 9ஆம் வகுப்பு மாணவி