ஃபுகுஷிமா பழத் தோட்டங்கள்: மரத்தைக் கழுவியாயிற்று, பெயரை?

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் தோட்டத்தில் இறங்கி ஸ்ட்ராபெரி பறிப்பதுபோல், ஜப்பானின் ஃபுகுஷிமா நகரிலும் சுற்றுப்பயணிகள் கட்டணம் செலுத்தி, மரத்திலிருந்தே பழம் பறித்துச் சாப்பிடுகிறார்கள். அஸுமா மலையடிவாரத்தில் செல்லும் 'ஃப்ரூட் லைன்' சாலை நெடுகிலும் இத்தகைய தோட்டங்கள் உள்ளன. ஜூனில் செர்ரி, அடுத்து பீச், பிறகு திராட்சை, பேரி, ஆண்டு இறுதி நெருங்கும்போது ஆப்பிள்.

2011 மார்ச் 11-இல் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. கடலோரத்தில் உள்ள அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. ஃபுகுஷிமா நகரம் அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நகரைக் காலி செய்ய உத்தரவு வரவில்லை. ஆனால் கதிரியக்கத் துகள்கள் வந்து படிந்தன. அவ்வாண்டு பீச் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. பழம் பறிக்க வருவோர் கூட்டமும் குறைந்தது.

மார்ச்சில் மரங்களில் இலை இல்லாததால், சீசியம் பெரும்பாலும் பட்டையில்தான் ஒட்டியிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் விவசாயிகள் கடுங்குளிரில் நின்று, ஒவ்வொரு மரத்தையும் உயர் அழுத்த நீரால் கழுவினார்கள். 2012 ஏப்ரலில் உணவுக்கான சீசியம் வரம்பை ஜப்பான் கிலோவுக்கு 500 பெக்கரலிலிருந்து 100 ஆகக் குறைத்தது. அனைத்துலக உணவுத் தர வழிகாட்டி அனுமதிப்பதோ 1,000. பீச் பழங்கள் ஜப்பானின் கடுமையான வரம்புக்கும் கீழேயே இருந்து வருகின்றன.

ஆயினும், பழம் தேறியதும் நம்பிக்கை திரும்பிவிடவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகளை மலேசியா 2013-இல் நீக்கியது. சிங்கப்பூர் 2020-இல், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நீக்கின. ஒரே மாநிலத்தின் விளைச்சலுக்குப் பத்தாண்டு இடைவெளி! வதந்தியால் வரும் இந்த இழப்பை ஜப்பானியர்கள் 'ஃபூஹ்யோ ஹிகாய்' என்பார்கள்.

சுற்றுலாத் தோட்டங்களுக்கு இதில் அடி அதிகம். சந்தையில் விலையைக் குறைத்தாவது பழத்தை விற்றுவிடலாம். பிள்ளைகளை அழைத்து வரத் தயங்கும் பெற்றோரை விலைக் குறைப்பு இழுத்து வராது. அதே வேளையில், மருந்தும் இந்தத் தோட்டங்களில்தான் இருக்கிறது. மரத்தடியில் நிற்கும் விவசாயியிடம் நேரில் கேள்வி கேட்கலாம், சோதனை முடிவைப் பார்க்கலாம், பிறகு பறிக்கலாம்.

மலேசிய, சிங்கப்பூர் கடைகளில் 'ஃபுகுஷிமா' என்ற பெயரைக் காண்பவர்களுக்கும் இதே கேள்விதான். பெயரைப் பார்த்துப் பழத்தைத் தள்ளிவைப்பதா, சோதனையைப் பார்த்து முடிவெடுப்பதா?