ஆசிரியரின் இணைய முகம்: கூடிப் பேசுவோம்

2020-இல் கொரோனா பள்ளிகளைப் பூட்டியபோது வாட்ஸ்அப்பும் யூடியூபும் வகுப்பறைகளாயின. பள்ளிகள் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. விட வேண்டியதும் இல்லை. பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து காணொலி பார்க்கும் பிள்ளைகளும், தங்கள் பாடங்களைத் தாங்களே படம்பிடித்துப் பதிவேற்றும் ஆசிரியர்களும் இன்று தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். ஆனால், பள்ளி வாழ்க்கையில் எதை இணையத்தில் பகிரலாம், எதைத் தவிர்க்கலாம் என்று நாம் இன்னும் போதிய அளவு கூடிப் பேசவில்லை.

ஆசிரியர்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் நடக்கும் நல்லதை ஊருக்குச் சொல்ல அவர்களுக்குக் கைக்கெட்டும் வழி சமூக ஊடகம்தான். ஆண்டு விழாப் படத்தைப் பார்த்து முன்னாள் மாணவர்கள் மேசை, நாற்காலி வாங்கித் தர முன்வரலாம். ஓர் ஆசிரியர் பின்னங்களை எளிதாக நடத்திய விதம் வேறு மாவட்ட வகுப்பறைக்கும் பயன்படலாம். ஒரே சுற்றறிக்கையில் இதையெல்லாம் தடுத்துவிட்டால் இழப்பு பிள்ளைகளுக்கே.

பெற்றோரின் கவலையும் நியாயமானதே. வாய்ப்பாடு சொல்லத் தடுமாறி அழும் சிறுமியின் காணொலியை வெகுளித்தனம் என்று ரசித்துப் பலரும் பகிர்வார்கள். அவள் முகமும், சீருடையில் உள்ள பள்ளியின் பெயரும் அதில் தெரியும். பத்தாம் வகுப்பில் சக மாணவர்கள் அதைத் தேடியெடுத்துக் கேலி செய்தால் என்ன செய்வது? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. சட்ட நுணுக்கம் ஒருபுறம் இருக்க, கேட்டுவிட்டுப் பகிர்வது எல்லோரும் ஏற்கக்கூடிய நெறி.

ஆசிரியர்களுக்கும் அந்தரங்கம் உண்டு. இரவு பத்து மணிக்கு வீட்டுப்பாடம் பற்றி வரும் செய்திக்கு உடனே பதில் எதிர்பார்ப்பதும், அவர்களின் குடும்பப் படங்களை விவாதப் பொருளாக்குவதும் முறையல்ல.

இதைப் பேசப் புதிய அமைப்பு தேவையில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்கள்தாம். அங்கே சிலவற்றை முடிவு செய்யலாம். பள்ளிச் செய்திகளுக்குத் தனிக் கணக்கு இருக்கட்டும். அதை ஆசிரியர் இருவர் பொறுப்பேற்று நடத்தட்டும். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறலாம். பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம். ‘வேண்டாம்’ என்பவரின் பிள்ளை எந்த நிகழ்ச்சியிலிருந்தும் ஒதுக்கப்படக் கூடாது. அழுகை, தண்டனை, மதிப்பெண் பட்டியல் ஆகியவை இணையத்துக்குப் போக வேண்டாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு மாலையில் ஒரு நேர வரம்பு வைக்கலாம்.

கல்வித் துறை இதற்கான மாதிரி ஒப்புதல் படிவத்தையும், ஆசிரியர்களுக்குப் பயிற்சியையும் தரலாம். உயர்நிலை வகுப்பு மாணவர்களையும் இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்வோம். நாளை கல்லூரியிலும் வேலையிலும் தங்கள் இணைய அடையாளத்தைப் பேணப்போகிறவர்கள் அவர்கள். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினாலே நல்ல தொடக்கம்தான். ஆசிரியர், பெற்றோர், மாணவர் என மூன்று தரப்பும் சேர்ந்து எழுதும் விதியைக் காப்பாற்றவும் மூன்று தரப்பும் முன்வரும்.