கேச் ஃபோல்டர் இல்லையென்றால் வேலையை நிறுத்துவதா?

போடியில் படித்து, இன்று சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் எழுதும் என் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். டெர்மினலில் ஓடும் கருவி எழுதினால், கேச் ஃபோல்டர் இல்லை என்பதற்காக அது பிழை காட்டி நின்றுவிடக் கூடாது.

கேச் என்பது மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய, மறுபடி கணக்கிடக்கூடிய பொருளின் நகல். போனால் நேரம் போகும், தகவல் போகாது. கேச்சை யாராவது கையால் அழித்தாலும் நிரல் மீண்டு வர வேண்டும் என்று லினக்ஸ் கோப்பு அடுக்கு விதியே சொல்கிறது. எக்ஸ்டிஜி விதி இன்னும் தெளிவு: எழுத வேண்டிய ஃபோல்டர் இல்லையா, 0700 அனுமதியோடு உருவாக்கப் பார். உரிமையாளர் தவிர மற்ற பயனர்கள் உள்ளே நுழைய முடியாது.

இவ்வளவு இருந்தும், ஆர்கைவ்ஸுக்குள் பார்ஷியல் என்ற ஃபோல்டரைக் காணோம் என்று ஆப்ட் நின்றுபோய்த் தவித்தவர்கள் பலர்.

இதில் அடிபடுவது யார்? 2011 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அப்படி ஒரு பழைய லேப்டாப்பில் பழகும் பிள்ளை, டிஸ்க் நிறைந்ததும் கேச்சை அழிக்கிறது. செய்தது சரியான காரியம். கிடைப்பதோ ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி. குரங்கணியிலோ போடிமெட்டிலோ பக்கத்தில் கேட்க ஆள் இருக்காது. "நாமதான் கெடுத்துட்டோம்" என்று மூடி வைத்துவிடும். ஒரு வரி நிரல் சோம்பலில் ஒரு பிள்ளையின் ஆர்வம் போகிறது.

அதற்காக எல்லாவற்றையும் சத்தமில்லாமல் உருவாக்கு என்றும் சொல்லவில்லை. பயனரே பென்டிரைவில் ஓர் இடம் காட்டியிருந்து, பென்டிரைவ் செருகப்படவில்லை என்றால், அதே பெயரில் உள் டிஸ்க்கில் ஃபோல்டர் போட்டு நிரப்புவது தவறு. அங்கே சொல்லிவிட வேண்டும். சூடோ போட்டு ஓட்டும்போது பயனர் வீட்டுக்குள் ரூட் பெயரில் ஃபோல்டர் உண்டாக்குவதும் தொல்லை. காணாமல் போனது கேச் அல்ல, பயனரின் சொந்தத் தரவு என்றால் நிற்கத்தான் வேண்டும்.

உருவாக்கவே முடியவில்லையா? பைதானின் பிப் செய்வதைப் பாருங்கள். கேச்சில் எழுத முடியவில்லை என்று ஓர் எச்சரிக்கை தந்துவிட்டு, கேச் இல்லாமலே வேலையை முடிக்கிறது. மலையில் சிக்னல் மெதுவாக இருக்கும், மறுபடி இறக்க நேரம் பிடிக்கும். ஆனாலும் வேலை நடக்கும்.

அடுத்த பதிப்பை வெளியிடும் முன் கேச் ஃபோல்டரை அழித்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், தம்பிகளே, தங்கைகளே. மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.