குகையை வெட்டியெறியும் வாசிப்பு

'டாக்டர் ஹூ' தொடரின் முதற்கதையைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை முதல் இருபத்தைந்து நிமிடங்களோடு நின்றுவிடுகின்றன. கென்னடி கொல்லப்பட்ட மறுநாள், 1963 நவம்பர் 23 அன்று, பிபிசி ஒளிபரப்பிய அந்த முதற்பகுதி ஒரு சாதனை என்பதில் ஐயமில்லை. மூடுபனித் தெரு, பழைய சாமான்கள் குவிந்த முற்றம், அதனுள் நிற்கும் காவல்துறைத் தொலைபேசிப் பெட்டி, மாணவி சூசனின் விசித்திர அறிவால் குழம்பி அவளைப் பின்தொடரும் ஆசிரியர்கள் இயனும் பார்பராவும், ரான் கிரெய்னரின் மெட்டை டீலியா டெர்பிஷயர் ஒலிநாடாத் துண்டுகளால் வடித்தெடுத்த முகப்பிசை எனப் புகழத்தக்கவை பல. ஆனால் அடுத்த மூன்று வாரங்களின் கற்காலப் பகுதிகள் வந்ததும் திறனாய்வாளர்கள் கொட்டாவி விடுகிறார்கள். தோலுடுத்தியவர்கள் தீக்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அடுத்த கதையின் டாலெக்குகளிடம் தாவிவிடுகிறார்கள். இதை ரசனை வேறுபாடு என்று விட்டுவிட முடியாது. இது பிரதியைச் சிதைக்கும் வாசிப்பு.

முதற்பகுதியில் டாக்டர் அந்த ஆசிரியர்களை எப்படி நடத்துகிறார்? வெளியே சிறிதாகவும் உள்ளே பெரிதாகவும் இருக்கும் கலத்தை அவர்கள் நம்ப மறுக்கும்போது, நீராவி ரயிலை முதன்முதலாகக் கண்ட அமெரிக்கப் பூர்வகுடியோடு ஒப்பிட்டு ஏளனம் செய்கிறார். காட்டுமிராண்டி மனம் என்பது அவர் கையாளும் சொல். பேரரசின் அந்தச் சொல், பேரரசின் தலைநகரிலேயே, படித்த வெள்ளையர் மீது ஏவப்படுகிறது. அந்தச் சொல்லின் மீதான விசாரணைதான் அடுத்த மூன்று பகுதிகள். அவற்றை அகற்றினால் டாக்டரின் ஏளனம் கேள்வியின்றித் தப்பிவிடுகிறது.

குகைக் கூட்டத்தில் தீ மூட்டத் தெரிந்திருந்த தலைவன், தன் மகன் ஸாவுக்குக்கூட அதைச் சொல்லித்தராமல் இறந்துபோயிருக்கிறான். தீயின்றி மகனின் தலைமை ஆட்டம் காண்கிறது. வேற்றுக் கூட்டத்திலிருந்து வந்த கால் என்பவன் இறைச்சி கொடுத்து ஆதரவு திரட்டுகிறான். தீ கேட்டையே கொண்டுவரும் என்று மூதாட்டி ஒருத்தி அஞ்சுகிறாள். கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து ஓராண்டே கழிந்திருந்த நிலையில், அந்த அச்சம் வெறும் மூடநம்பிக்கையாகவா ஒலித்திருக்கும்?

தப்பியோடும் வழியில், காட்டு விலங்கால் தாக்கப்பட்டு ஸா கிடக்கிறான். பார்பரா உதவ நிற்கிறாள். டாக்டரோ கூரிய கல் ஒன்றைக் கையிலெடுக்கிறார். இயன் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள, ஸாவிடம் வழியை வரைந்து காட்டச் சொல்லவே கல்லை எடுத்ததாகச் சமாளிக்கிறார். காட்டுமிராண்டி யார் என்று இரண்டு வாரங்களுக்கு முன் தீர்ப்பளித்தவரின் கையில் கற்காலத்தின் ஆயுதம். இக்காட்சியைச் சலிப்பென்று கடப்பவர்கள் முதற்பகுதியையும் புரிந்துகொண்டவர்கள் அல்லர்.

எங்கள் கூட்டத்தில் தீ மூட்டுபவனுக்குத் தனி மதிப்பில்லை, எல்லோருக்கும் அது தெரியும் என்று இயனும் சூசனும் பின்னர் ஸாவிடம் விளக்குகிறார்கள். ஆனால் தொடர் அத்தனை வெகுளியானதன்று. இயன் மூட்டிய தீ ஸாவின் தலைமையை உறுதிப்படுத்துகிறது. கற்றுக்கொடுத்தவர்கள் சிறையிலேயே கிடக்கிறார்கள். இறுதியில் எரியும் பந்தங்களின் மீது மண்டையோடுகளை வைத்து, அச்சமூட்டித்தான் அவர்களும் தப்புகிறார்கள்.

ஆண்டனி கோபர்னின் குகைப் பிரதி மீது தயாரிப்புக் குழுவிலேயே மனக்குறை இருந்தது என்பது எதிர்த்தரப்பு நீட்டும் சான்று. உண்மைதான். படைப்பாளியின் விருப்பு வெறுப்பு பிரதியின் பொருளைத் தீர்மானிப்பதில்லை என்று முதுகலை முதலாண்டிலேயே கற்பிக்கும் துறைகள் இங்கு மட்டும் அதை மறப்பது வேடிக்கை. அதே காரணத்தால், நான்கு பகுதிகளையும் 24 வயதில் இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர் என்பதை வைத்துக் காலனிய எதிர்ப்பு நோக்கத்தை அவர்மேல் ஏற்றவும் வேண்டியதில்லை. குகைவாசிகளைக் காட்டிய விதத்தில் பழைய மானுடவியலின் வாடை உண்டு. அதை விமர்சிக்கவே வேண்டும். விமர்சிப்பதற்கும் முதலில் பார்த்தாக வேண்டும்.

அறுபதாம் ஆண்டையொட்டி 2023இல் பிபிசி தன் இணையச் சேவையில் 800க்கும் மேற்பட்ட பகுதிகளைத் திறந்துவிட்டபோது, உரிமைச் சிக்கலால் இந்த முதற்கதை அதில் இடம்பெறவில்லை. பழைய டிவிடிகளில் நான்கு பகுதிகளும் இருக்கின்றன. கருத்தரங்கில் திரையிடுவோர் முதற்பகுதி முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடுகிறார்கள்.