குரங்குக்குத் தீனி போடாதீர்கள்

பினாங்குக் கொடிமலைக் காட்டை யுனெஸ்கோ 2021-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தண்ணீர்மலைக் கோயிலுக்கு வரும் நம்மவர்கள் பலர் கொடிமலை அடிவாரத் தாவரவியல் பூங்காவுக்கும் போவதுண்டு. அங்குள்ள நீள்வால் குரங்குகள் பிளாஸ்டிக் பை சரசரத்தாலே ஓடிவருகின்றன, பிடுங்குகின்றன, தடுத்தால் கடிக்கவும் செய்யும். வாழைப்பழமும் கடலையும் நீட்டி இந்தப் பழக்கத்தை வளர்த்தவர்கள் நாம்தான். அதே மரங்களில், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட இலைக்குரங்குகள் தளிரைத் தின்றபடி தம் பாட்டில் இருக்கின்றன. எவ்வளவு அழகு! எதிரே வரும் குரங்கு பல்லைக் காட்டினால் முறைக்காதீர்கள், ஓடாதீர்கள்; மெல்லப் பின்வாங்குங்கள். பூங்காவில் தீனி போடத் தடை இருக்கிறது. பிள்ளையின் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து நீட்டச் சொல்லும் பெற்றோரே, தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.