தூணைப் பார்ப்போர், தோளையும் பார்க்கட்டும்!

காசிமேட்டில் மீன் ஏலம் பார்க்கவும், ராயபுரத்தில் பழைய ரயில் நிலையம் பார்க்கவும் ஞாயிறுதோறும் பலர் காமிராவுடன் வருகிறார்கள். வரட்டும், வரவேற்கிறோம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் அங்கிருந்துதான் வாலாஜாவுக்குப் புறப்பட்டது. நிலையத்தின் தூண்களைப் புகழ்கிறார்கள். அத்தூண்களைச் சுமந்த தோள்களை யார் நினைக்கிறார்கள்?

சற்று மேற்கே, பெரம்பூர்ப் பக்கம், பின்னி ஆலை இருந்தது. 1876-ல் தொடங்கிய பக்கிங்ஹாம் மில்லும், அடுத்து வந்த கர்நாடிக் மில்லும் வெள்ளை முதலாளிக்கு லாபம் குவித்தன. கிராமத்தில் பிழைக்க வழியின்றி வந்த ஏழைகளே அங்கு நூல் நூற்றார்கள், துணி நெய்தார்கள். சாப்பாட்டு இடைவேளைகூடப் போதாமல் குமுறிய அவர்கள், 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, வாடியா, திரு.வி.க. ஆகியோர் முன்னின்றார்கள்.

1921 போராட்டத்தில் தொழிலாளர் மீது போலீஸ் சுட்டது. குண்டைவிடக் கொடியது ஒன்றும் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளரும் மற்றவரும் மோதினார்கள், குடிசைகள் எரிந்தன. லாபம் யாருக்கு? முதலாளிக்கே! ஒற்றுமை உடைந்தது, போராட்டம் தோற்றது.

1996-ல் ஆலை மூடப்பட்டது. இன்று அந்நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. சுற்றிப் பார்க்க வருவோருக்கு இந்த வரலாற்றை யார் சொல்வது?

தோழர்களே! நாம்தான் சொல்லவேண்டும். உங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்த இடத்தைக் காட்டுங்கள். சங்கம் பிறந்த கதையைச் சொல்லுங்கள். சாதியால் தோற்ற கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே உயிர்நீத்த தொழிலாளருக்கு நினைவுச்சின்னம் எழுப்புமாறு அரசைக் கோருவோம்!